தராசு முள் இறங்கியபோது நாம் கைதட்டினோம்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த உரையை நேற்று ராத்திரி, நேரங்கெட்ட நேரத்தில், பிள்ளையை ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் எழுதினேன். நன்றியுரை ஒன்று தயார் பண்ணச் சொல்லிச் சங்கத்தில் எப்போதோ சொல்லிவிட்டீர்கள். இத்தனை பிந்தி எழுதியதற்கும், எழுதி முடித்தது நன்றியுரையாக இல்லாமல் போனதற்கும் சேர்த்தே என்னைப் பொறுத்தருளுங்கள்.

நடுக் கதிரையில் நடுநிலை பிசகாது அமர்ந்திருக்கும் தலைவர், நம் மேட்டு வீதியின் அரிசிக்கும் அவசரத்துக்கும் ஒருபோல் கடை திறந்து தரும் மயில்வாகனம் ஐயா அவர்களே! கண்டி நகரம் கண் விழிக்குமுன் எழுந்து, அதன் வீதிகளைக் கூட்டிப் பெருக்கி, அது விழிக்கும்போது வியர்வையோடு வீடு திரும்பும் மஹய்யாவயின் மூத்தவர்களே! முந்தானைக்குள் பிள்ளையைப் போர்த்தி முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களே! என் மகளை மடியில் ஏந்தியிருக்கும் பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா அவர்களே! கதிரை காலியாக இருந்தும் உட்காராமல் கதவோரம் நிற்கும் இளவட்டங்களே! இந்த மண்டபத்துக்கு வெளியே, ஒலிபெருக்கிக் குழாயின் வாய்க்கு நேரே, ஜன்னலோரக் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி இந்நேரம் கேட்டுக்கொண்டிருக்கும் என் கணவர் சுதேஷ் அவர்களே! அனைவரையும் துஷ்யந்தி கைகூப்பி வணங்குகிறேன்.

வேண்டாம். கைதட்டாதீர்கள். தயவுசெய்து, இன்றைக்கு மட்டும் கைதட்டாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பெருமக்களே, அந்த ஒலிபெருக்கியை ஏன் எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். வர முடியாதவன் தன் புகழைப் படுத்தபடியாவது கேட்கட்டும் என்ற அன்பு. சாதாரண சைக்கிளைக் கரண்டில் ஓட வைத்தவர் என்று அவருக்குப் பொன்னாடை. அவர் செய்த மாதிரியே நம் பிள்ளைகள் செய்து முடித்த வண்டிகள், இதோ மேடைக்குக் கீழே மாலையும் மஞ்சளுமாக நிற்கின்றன. சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம்கூட வைத்துவிட்டீர்கள். முதல் வண்டி நிரோஷினிக்கு. வத்தேகம பக்கத்து முன்பள்ளியில் படிப்பிக்கிற நம் வீதிப் பெண். நாளைக் காலை அவள் அதில் ஏறி நம் வீதியின் இறக்கத்தில் இறங்கப் போகிறாள்.

அதே இறக்கத்தில்தான், போன ஐப்பசி மழையில், என் கணவர் விழுந்தார்.

ஏன் விழுந்தார்? இந்தக் கேள்விக்கு நம் வீதியில் விடைக்குப் பஞ்சமே இல்லை. மழை என்றார்கள். கண்டியில் மழை புதிதா? பாசி படிந்த வளைவு என்றார்கள். அந்த வளைவு நேற்று முளைத்ததா? நாய் குறுக்கே பாய்ந்தது என்றார்கள். எந்த நாயும் தன் வாக்குமூலத்தை இன்னும் தரவில்லை. அங்கே என்ன சொன்னீங்க, ராக்கம்மா அக்கா? கண்ணூறா? ஆமா, நீங்கள் அந்த வளைவில் பூசணிக்காய் உடைத்ததை நான் மறக்கவில்லை. உங்கள் அன்புக்குத் தலை வணங்குகிறேன் அக்கா. ஆனால் அந்தப் பூசணிக்காயிலும் பிரேக் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனிமேல் சிரிப்பு வராது.

அந்த வண்டி பிறந்த கதையை இங்கே பேசியவர்கள் எல்லோரும் பாதியோடு நிறுத்தினார்கள். மீதியை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. என் கணவர் மாநகர சபையில் தண்ணீர் மீட்டர் வாசிக்கிறவர். வாசித்தவர். கண்டியில் மீட்டர் வாசிப்பது என்றால் என்ன? ஏறுவது. ஒரு வீட்டுக் கூரை அடுத்த வீட்டு வாசலாக இருக்கிற ஊரில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறுவது. பெட்ரோலுக்கு வரிசையில் நின்றே நம் கால்கள் வீங்கிய அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளை விற்றார். பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தார். இரண்டு தெரு ஏறுவதற்குள் மூச்சு முட்டியது. அப்போதுதான் அந்த யோசனை.

முன் சில்லைக் கழற்றிவிட்டு, நடுவில் மோட்டார் வைத்த புதுச் சில்லொன்றை வரவழைத்துப் பூட்டினார். பழுதான லெப்டொப்களின் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் விரல் பருமன் செல்களை ஒவ்வொன்றாக மீட்டர் பிடித்துப் பார்த்து, உயிருள்ளதை ஒரு பக்கமும் செத்ததை ஒரு பக்கமும் பிரித்தார். சமையலறை மேசையில் சாப்பாடு வைக்க இடமில்லை. உயிருள்ளவற்றை இணைத்துக் கட்டிப் போட ஒரு பெட்டி வேண்டும் என்றார். மறுநாள் பார்த்தால் என் சாப்பாட்டுப் பெட்டியைக் காணவில்லை! சோறு சுமந்த பெட்டி கரண்ட் சுமந்தது. கரண்டை அளந்து விடும் சின்னப் பெட்டி ஆசனத்துக்குக் கீழே. வலது கைப்பிடியில், முறுக்கினால் வேகம் தரும் பிடி.

வலது கைப்பிடியில். அந்த இடத்தை மனதில் வையுங்கள்.

வண்டி ஓடியது. ஏறியது! நாம் நாக்குத் தள்ளி ஏறும் மேட்டில் அது மூச்சு வாங்காமல் ஏறியது. ஆனால் பாரம். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து அது பழைய சைக்கிளாக இல்லை. வீட்டுப் படிக்கட்டில் தூக்கி ஏற்ற முடியவில்லை. பாரம் கூடினால் பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடும். "இலேசாக்கணும் துஷி, இன்னும் இலேசாக்கணும்" என்பதே அவர் பேச்சாகிப் போனது.

எங்கே நிறுப்பது? வேறெங்கே! மயில்வாகனம் ஐயாவின் கடையில் அரிசி மூட்டை தொங்கும் அந்தக் கொக்கித் தராசில்.

ஐயா சிரிக்கிறார். நினைவிருக்கிறது அல்லவா ஐயா? ஞாயிற்றுக்கிழமை தோறும் அது ஒரு திருவிழா. வண்டி கொக்கியில் தொங்கும். வட்ட முகத்தில் முள் நடுங்கும். வீதியே கூடி நிற்கும். ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசிப்பார்: "ஓம், போன கிழமையைவிடக் குறைஞ்சிட்டுது! இன்னும் கொஞ்சம் இறக்கலாமோ தம்பி?" நாம் கைதட்டுவோம்.

அடுத்த ஞாயிறு சேறுகாப்பு கழன்றது. முள் இறங்கியது. கைதட்டினோம். சங்கிலி மூடி கழன்றது. முள் இறங்கியது. கைதட்டினோம். பின்னால் இருந்த கெரியர் கழன்றது. தாங்கி கழன்றது. "பெல்லையும் கழட்டுங்கண்ணே, வாயால கத்திக்கலாம்!" என்றது கதவோரத்துக் கூட்டம். பெல்லும் கழன்றது. "பொண்டாட்டிய இறக்கி விடு சுதேசு, பாதிப் பாரம் குறையும்!" என்றார்கள் ராக்கம்மா அக்கா. அன்று நானும் சிரித்தேன். முள் இறங்கியது, முள் இறங்கியது என்று மகிழ்ந்த மக்களே, அந்த முள் எதைச் சுட்டியது என்று நம்மில் யாராவது கேட்டோமா?

இப்போது அந்த வலது கைப்பிடிக்கு வாருங்கள். முன் சில்லை நிறுத்தும் பிரேக்கின் பிடி எப்போதும் அங்கேதான் இருக்கும். வேகப் பிடி வந்ததும் பிரேக் பிடிக்கு இடம் போதவில்லை. மோட்டார் சில்லின் விளிம்பும் அகலம். பழைய பிரேக் கட்டை அதில் சரியாகப் பொருந்தவில்லை, உரசிக்கொண்டே இருந்தது. "அகலமானது ஒன்று வாங்கிப் பிறகு பூட்டலாம்" என்று அதைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு! எத்தனை வீடுகளை எத்தனை விதமாக இந்தப் பிறகு விழுங்கியிருக்கிறது!

அந்த ஞாயிறும் வண்டி தராசில் தொங்கியது. முள் இன்னும் இறங்கியது. அன்று விழுந்த கைதட்டல்தான் எல்லாவற்றிலும் பெரியது. வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் விளிம்பிலிருந்த பிரேக்கைப் பார்த்தார். எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். அதைத் திரும்பப் பூட்டினால் முள் ஏறிவிடுமே! கைதட்டிய கைகளுக்கு முன்னால் முள் ஏறலாமா?

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. இடுப்பில் என் மகளை வைத்திருந்ததால் ஆஸியா உம்மாவுக்குக் கை ஒழியவில்லை. சும்மாதான் கேட்டார்: "மகன், இத நிப்பாட்ட என்னத்த புடிக்கிற?"

வீதியே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். "பின்னால ஒண்ணு இருக்கே உம்மா. அது போதாட்டி என் காலு இருக்கு!"

காலு இருக்கு. இந்த இரண்டு சொல்லை நான் எப்படிச் சுமப்பேன், சொல்லுங்கள்?

ஏற்றத்தையே எண்ணி எண்ணி வண்டி செய்தோம். ஏறியவன் இறங்க வேண்டும் என்பதை எண்ணினோமா? கண்டியில் பிறந்த நமக்கு அது தெரியாதா? ஏற்றத்தில் வண்டி தோற்றால் இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் தோற்றால் எதைத் தள்ளுவது? இளவட்டங்களே, கேளுங்கள். இறங்கும்போது ஆளின் பாரமும் வண்டியின் பாரமும் முன் சில்லின் மேல் வந்து விழுகிறது. பின் சில்லு தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடுகிறது. அதை மட்டும் இறுக்கிப் பிடித்தால் நிற்காது, வழுக்கும். ஈரத்தில் இன்னும் வழுக்கும். அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அவரே எனக்குச் சொன்னது.

அவர் விழுந்த அன்று காலை, மழை கொஞ்சம் விட்ட நேரம், பாப்பாவையும் ஒரு சுற்றுக் கூட்டிப் போகிறேன் என்றார். முன்னால் ஒரு சின்ன ஆசனம் பூட்டியிருந்தார். எதை எதையோ கழற்றியவர் அதை மட்டும் கழற்றவில்லை. மகளை உட்கார வைத்து வாரும் கட்டியாயிற்று. அவள் சட்டையை நனைத்துவிட்டாள். "மாத்திட்டு வாறேன், நில்லுங்க" என்று நான் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். "சரி, கடை வரைக்கும் போயிட்டு வந்திடுறேன்" என்று அவர் கிளம்பினார்.

அலுமாரியைத் திறந்து மாற்றுச் சட்டை எடுத்தேன். சட்டைக்குப் பக்கத்தில் அந்தப் பிரேக். அதே நேரம் வளைவில் சத்தம்.

ஓடிப் போனேன். மதிலில் மோதி வண்டி கிடந்தது. அந்தச் சின்ன ஆசனம்... அது ஆசனமாகவே இல்லை. அவர் வலது காலை ஊன்றி நிறுத்தப் பார்த்திருக்கிறார். சொன்னதைச் செய்தார், ஐயா. கால் இருக்கு என்றார், காலைக் கொடுத்தார். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் போயின. இனிக் கோல் ஊன்றித்தான், அதுவும் காலம் எடுக்கும் என்கிறார்கள் டொக்டர்மார். மேடு ஏறி மீட்டர் வாசிப்பது முடிந்துபோன கதை. தாய்மார்களே, ஒரு குழந்தை நனைத்த ஒரு சட்டை. அது நனையாமல் இருந்திருந்தால் இன்று ஆஸியா உம்மாவின் மடி காலியாக இருக்கும்.

அழுகிறாள். பரவாயில்லை உம்மா, அந்த பிஸ்கட்டைக் கொடுங்க. அம்மா இங்கதான் இருக்கேன் தங்கம், இந்தா முடிச்சிடுறேன்.

இன்று நான் புறப்படும்போது அவர் கூப்பிட்டார். "துஷி, சால்வையை வாங்கிக்க, நன்றி சொல்லு, வந்திடு."

"பிரேக் கதையைச் சொல்ல வேணாமா?"

"அதப் பேசாத. படுத்துக் கிடக்கிறது போதாதா? மடையன்னு பேரும் வேற வேணுமா எனக்கு?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இப்போது அந்தக் குழாய் வழியாக ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுகிறது. இன்று வீட்டுக்குப் போனால் என் முகம் பார்ப்பாரோ, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாரோ, அறியேன். ஆனால் நான் ஏன் பேசினேன் தெரியுமா? நேற்று இந்தத் தாளில் உண்மையாகவே நன்றியுரைதான் எழுதிக்கொண்டிருந்தேன். அழகாக வந்திருந்தது. பாதியில் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தூங்குகிறார். தூக்கத்தில் வலது கை போர்வையை இறுக்கிப் பிடிக்கிறது. விடுகிறது. மறுபடி இறுக்குகிறது. நாலு விரலும் சேர்ந்து, உள்ளங்கையை நோக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு. எதைப் பிடிக்கிறார் என்று எனக்கு விளங்க நேரம் எடுத்தது. கைப்பிடியில் இல்லாத பிரேக்கைப் பிடிக்கிறார், பெருமக்களே! அந்த வளைவில் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறார்!

எழுதியதைக் கிழித்தேன். இதை எழுதினேன்.

என் கணவர் மடையரா? இல்லை! இந்த மலையை மோட்டாரின்றி ஏறிக் களைத்தவர்களுக்கு வழி காட்டியவர் மடையரா? நல்ல வேலையைச் செய்துவிட்டு, ஒரு வேலையைப் பிறகுக்கு வைத்தவர். நாம் அந்தப் பிறகைத் தராசில் போட்டு நிறுத்து, இலேசு இலேசு என்று கொண்டாடியவர்கள். அவர் விழுந்த பிறகாவது யோசித்தோமா? இதோ, கீழே நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். மாலையை விலக்கிவிட்டுப் பாருங்கள். வலது கைப்பிடியைப் பாருங்கள். ஒன்றிலாவது முன் பிரேக் இருக்கிறதா? "சுதேஷ் அண்ணன் வண்டியைவிட இலேசு" என்று போன ஞாயிறு அதே கொக்கியில் தொங்கவிட்டுக் கைதட்டினீர்களே, அந்தச் சத்தம் எங்கள் ஜன்னலுக்குள் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது விளங்குகிறதா, ஏன் கைதட்ட வேண்டாம் என்றேன் என்று?

நிரோஷினி, ஏன் எழும்பிட்டாய்? உட்காரம்மா, நான் உன்னைக் குறை சொல்லவில்லை. நடந்து நடந்து உன் செருப்புத் தேய்ந்ததை நான் பார்த்தவள். மஹய்யாவயிலிருந்து இறங்கி, கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, வத்தேகம வரைக்கும் நீ போகும் வழி எனக்குத் தெரியும். அந்த வண்டி உனக்கு வேண்டும். உனக்குக் கிடைக்கவும் வேண்டும். ஆனால் நாளைக்கு வேண்டாம். உன் அம்மா இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். நான் அந்த வளைவுக்கு ஓடியது போல அவர் ஓட வேண்டாம்.

மயில்வாகனம் ஐயா, அந்தப் பொன்னாடையை மடித்து வையுங்கள். நான் இன்று வாங்க மாட்டேன். கோபமில்லை, ஐயா. எங்கள் பிள்ளைக்குப் பால்மா இல்லாத மாதங்களில் கடையைத் திறந்து வைத்தவர் மேல் எனக்கு என்ன கோபம்? ஒரே ஒரு கோரிக்கை. இந்த வண்டிகள் எதுவும் இன்று யார் கையிலும் போக வேண்டாம். அகலச் சில்லுக்குப் பொருந்தும் பிரேக் வாங்கலாம். வேகப் பிடிக்குப் பக்கத்தில் அடங்கும் பிடியும் இருக்கிறது. பிடித்ததும் மோட்டாரின் கரண்டும் நிற்கும்படி வயர் கொடுக்கலாம். இதெல்லாம் தெரிந்தவர் நம் வீதியிலேயே இருக்கிறார். கட்டிலில் படுத்திருக்கிறார். வண்டிகளை எங்கள் ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்துங்கள். கதவோரத்துத் தம்பிகளே, நீங்கள் பூட்டுங்கள், அவர் பார்த்துச் சொல்வார். என்னங்க, கேக்குதா? உங்களைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் செய்யுங்கள். அலுமாரிக்குள் இருப்பதையும் நானே எடுத்து வெளியே வைக்கிறேன்.

பூட்டி முடிந்ததும், ஐயா, அதே கொக்கி, அதே தராசு, அதே ஞாயிற்றுக்கிழமை. வண்டிகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிடுங்கள். முள் ஏறும். ஏறட்டும்! போன வாரத்தைவிடக் கூடிவிட்டது என்று நீங்கள் உரக்க வாசியுங்கள். அப்போது கைதட்டுங்கள், பெருமக்களே! இந்த மலையில் ஒரு தராசு முள் ஏறியதற்காக ஒரு வீதியே கைதட்டியது என்று இருக்கட்டும். எங்கள் ஜன்னலைத் தாண்டிக் கேட்கும்படி தட்டுங்கள். தூக்கத்தில் இறுக்கும் அந்தக் கை கொஞ்சமாவது தளரட்டும்.

இத்தனை நேரம் என் இருண்ட பேச்சைப் பொறுத்த பெரியோருக்கும், பிள்ளையைப் பார்த்துக்கொண்ட உம்மாவுக்கும், கைதட்டாமல் இருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். நான் மைக்கைத் தலைவர் கையில் கொடுக்கிறேன். ஐயா, வண்டிகளை இன்று கொடுப்பீர்களா, நிறுத்தி வைப்பீர்களா? அதை இந்த ஒலிபெருக்கியிலேயே சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சீக்கிரம் பதில் சொல்லுங்க.